பிறேக் பிடிக்கவில்லையா? இறுக்க முதல் துடையுங்கள்

வன்னியில் சைக்கிள் ஓடுகிறவருக்கு இறக்கம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குளக்கட்டிலிருந்து இறங்கும் பாதை, மதகடியில் ஒரு சின்னச் சரிவு, அவ்வளவுதான். அதனால் பிறேக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிக்கொண்டு போவது கண்ணில் படுவதில்லை. பொழுதுபடும் நேரம் ஏ9 வீதியில் கட்டாக்காலி மாடு ஒன்று குறுக்கே வந்து நிற்கும்போதுதான் தெரியவரும்.

மறுநாள் திருத்துவதற்குச் சைக்கிளை என்னிடம் உருட்டிக்கொண்டு வந்து, "அண்ணை, கேபிளை ஒருக்கா இறுக்கி விடுங்கோ" என்பார்கள். கேபிளில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. றிம்மின் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால் விரல் கறுத்துப்போய் வரும், இல்லாவிட்டால் செம்மண் நிறத்தில் வரும். அந்த அழுக்கின் மேல் கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் கை நோகுமே தவிர சைக்கிள் நிற்காது. ஆகவே கீழே எந்தக் குறைக்குப் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: றிம்மையும், அதில் படும் றப்பர் பிறேக் கட்டையையும் துடைப்பது. அதற்குப் பிறகும் குறை இருந்தால்தான் ஸ்பனரைத் தொட வேண்டும்.

இது றிம்மைப் பிடிக்கும் பிறேக்குகளுக்கு மட்டும். எங்கள் பக்கம் மூன்று வகை ஓடுகிறது. பழைய பெரிய சைக்கிளில் இருக்கும் கம்பி பிறேக். இதில் கேபிள் இல்லை, கட்டை றிம்மின் உட்பக்கத்தில் பிடிக்கும். லேடீஸ் சைக்கிள்களில் அதிகம் காணும் கலிப்பர் பிறேக். சில்லுக்கு மேலே ஒரே போல்ட்டில் பூட்டிய இரண்டு கைகள் கத்தரிபோல் சேர்ந்து பிடிக்கும். மவுண்டன் சைக்கிள்களில் இருக்கும் வி பிறேக். போர்க்கின் இரு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கைகள், மேலே வளைந்த ஒரு சின்னக் குழாய். உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

றிம் இரும்பா அலுமினியமா என்பதும் தெரிய வேண்டும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று போதும். ஒட்டினால் இரும்பு.

## எல்லாவற்றுக்கும் முதல்: துடைக்கும் முறை

தேவையானவை: ஒரு வாளி தண்ணீர், சவர்க்காரம், பழைய பல் பிரஷ், இரண்டு துணி, ஒரு ஊசி, சான்ட் பேப்பர் ஒரு துண்டு. பார்மசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சின்னப் போத்தல் ஒன்று வாங்கி வைத்தால் நல்லது. இரண்டு துணியில் ஒன்று வெள்ளையாக இருக்கட்டும், காரணம் பிறகு தெரியும்.

எடுத்தவுடன் காய்ந்த துணியால் தேய்க்க வேண்டாம். கிரவல் வீதியில் ஓடிய றிம்மில் கண்ணுக்குத் தெரியாத குறுமணல் ஒட்டியிருக்கும். காய்ந்தபடி தேய்த்தால் அதுவே றிம்மைக் கீறும். முதலில் தண்ணீர் விட்டு மண்ணை இறக்குங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரைப் பிரஷில் தொட்டு, கட்டை படும் பக்கச் சுவரைச் சில்லைச் சுற்றிக்கொண்டே தேயுங்கள். கம்பி பிறேக் என்றால் ஸ்போக்ஸ் கம்பி புறப்படும் உட்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். அந்த இடத்தை யாரும் தேய்ப்பதில்லை, அழுக்கு அங்கேதான் தடித்துக் கிடக்கும்.

கழுவித் துடைத்துக் காய்ந்த பிறகு, வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் தொட்டு றிம்மை ஒரு சுற்றுத் துடையுங்கள். துணி கறுத்தால் இன்னொரு சுற்று. அலுமினிய றிம் என்றால் முதல் இரண்டு மூன்று சுற்று கறுக்கத்தான் செய்யும். அலுமினியத் தூளும் தேய்ந்த றப்பரும் சேர்ந்த கறுப்பு அது. துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடையுங்கள்.

மண்ணெண்ணெயால் துடைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. செயினுக்கு அது சரி. றிம்மில் மண்ணெண்ணெய் ஒரு மெல்லிய பசையை விட்டுப் போகும், கட்டை அதில் வழுக்கும். தார் ஒட்டியிருந்து வேறு வழியில்லை என்றால் மண்ணெண்ணெயில் தொட்டு எடுங்கள், ஆனால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய், கிறீஸ், சைக்கிளைப் பளபளப்பாக்கும் பொலிஷ், இவை எதுவும் றிம்மின் பக்கமே வரக்கூடாது. செயினுக்கு எண்ணெய் விடும்போது பின் றிம்மின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கட்டை. சில்லைக் கழற்றினால் கட்டையின் முகம் நன்றாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். றப்பரில் புதைந்து நிற்கும் மணற்பருக்கைகள் தெரியும். அலுமினிய றிம் ஓட்டுகிறவர்களின் கட்டையில் சீனித் துகள்போல மின்னும் உலோகச் சிராய்களும் இருக்கும். அத்தனையையும் ஊசி முனையால் தோண்டி எடுங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் றிம்மை அறுத்துக்கொண்டிருப்பது இந்தச் சிராய்கள்தான். எடுத்து முடிந்ததும் சான்ட் பேப்பரைச் சமதரையில் விரித்து, கட்டையின் முகத்தை அதன்மேல் வைத்துத் தேயுங்கள். மினுமினுப்புப் போய் மங்கிய கறுப்பு வந்தால் போதும். சான்ட் பேப்பர் கட்டைக்கு மட்டும்தான். குறோம் பூசிய இரும்பு றிம்மில் அதைப் போட்டால் பூச்சு உரிந்து துரு ஏறும்.

இவ்வளவும் செய்தால் வருகிற சைக்கிள்களில் பாதிக்கு மேல் சரியாகிவிடும். மிச்சத்துக்குக் கீழே பாருங்கள்.

## லீவர் இறுக்கமாக இருக்கிறது, ஆனால் சைக்கிள் நிற்கவில்லை

லீவர் பாதியிலேயே கல்லுப்போல நிற்கும், சைக்கிள் மட்டும் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். இதற்குக் கேபிளை இறுக்குவது வீண் வேலை.

துடைத்த பிறகும் அப்படியே இருந்தால் கட்டையின் முகத்தில் விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியவே இல்லை, பிளாஸ்டிக்போல் இருக்கிறது என்றால் றப்பர் கிழடாகிவிட்டது. வெயிலில் நிற்கும் சைக்கிளுக்கு இது சீக்கிரம் வரும். கட்டை தடிப்பாக இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம், மாற்றுங்கள்.

கட்டையில் எண்ணெய் ஊறியிருந்தால் சான்ட் பேப்பரால் ஒரு படை எடுத்துப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் வழுக்கினால் எறிந்துவிடுங்கள். ஊறிய எண்ணெய், பிறேக் பிடிக்கும் சூட்டில் திரும்பத் திரும்ப மேலே வரும்.

கட்டை றிம்மில் முழுதாகப் படுகிறதா? லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டையின் மேல் விளிம்பு ரயரில் தொடக்கூடாது. கீழ் விளிம்பு றிம்மைத் தாண்டித் தொங்கக்கூடாது. ரயரில் தொட்டால் நாலைந்து நாளில் ரயரின் பக்கத்தை அறுத்துவிடும். உள்ளே இருக்கும் ரியூப் வெளியே பிதுங்கி வெடிக்கும். கீழே தொங்கினால் ஒரு நாள் கட்டை றிம்மைவிட்டு இறங்கி ஸ்போக்ஸுக்குள் போகும். முன்சில்லில் அது நடந்தால் ஆள் ஹான்டிலுக்கு மேலால் போவார். வி பிறேக்கில் கட்டை தேயத் தேயத் தானாகவே கீழே இறங்கும், அதனால் அதை அடிக்கடி பார்க்க வேண்டும். கலிப்பருக்குக் கட்டையின் நட்டை 10ஆம் நம்பர் ஸ்பனராலும், வி பிறேக்குக்கு 5 மில்லிமீற்றர் அலன் கீயாலும் தளர்த்தி, நேராக்கி, கையால் பிடித்தபடியே இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் நட்டோடு சேர்ந்து கட்டையும் திரும்பும்.

கட்டை இல்லாமல் ரயர் துண்டு போட்டிருந்தால் அதைக் கழற்றுங்கள். பழைய ரயரை வெட்டிச் செருகி ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவசரத்துக்கு வீடுவரை வர அது உதவும். ஆனால் ரயருக்குள் இருக்கும் நூல் வெளியே வந்ததும் பிடிப்பே இருக்காது.

திருத்தும் கடைக்குப் போக வேண்டிய இடம்: அலுமினிய றிம்மின் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். அடிமட்டத்துக்கும் றிம்முக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால், றிம் உள்வாங்கித் தேய்ந்திருக்கிறது. சில றிம்களில் சுற்றிவர ஒரு மெல்லிய கோடு அல்லது சின்னக் குழி இருக்கும். அது அழிந்துபோனால் றிம்மின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். தேய்ந்த சுவரை உள்ளே இருக்கும் காற்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் பிளக்கும். இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. றிம் மாற்ற வேண்டும்.

## லீவர் ஹான்டில்வரை வந்து முட்டுகிறது

நேற்றுப் பஞ்சர் ஒட்டினீர்களா? முதலில் இதைக் கேட்பேன். வி பிறேக்கில் சில்லைக் கழற்ற, மேலே இருக்கும் வளைந்த குழாயைக் கொளுவியிலிருந்து எடுத்துவிடுவார்கள். திரும்ப மாட்ட மறந்தால் பிறேக்கே இல்லை. சில கலிப்பர்களில் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டி இருக்கும், அதைத் தூக்கிவிட்டால் கைகள் அகலும். திரும்ப இறக்கிவிட வேண்டும். பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளின் சைக்கிளில் இது அடிக்கடி நடக்கும். செலவு ஒரு சதமும் இல்லை.

கட்டை தேய்ந்திருக்கிறதா? புதுக் கட்டையில் குறுக்கே பள்ளங்கள் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளம் மறைந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உள்ளே இருக்கும் இரும்பு றிம்மில் உரசும்வரை காத்திருந்தால் கட்டையின் விலையோடு றிம்மின் விலையும் சேரும். மாற்றும்போது சோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் இரண்டும் ஒரே அளவு பிடிக்காது.

கட்டை நல்லது, இடைவெளிதான் அதிகம் என்றால் கேபிள் லீவருக்குள் நுழையும் இடத்திலோ கலிப்பரிலோ உருண்டையான ஒரு திருகு இருக்கும். அது வெளியே வரும் பக்கமாகத் திருப்பினால் கேபிள் இறுகும். கட்டைக்கும் றிம்முக்கும் இடையில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் விடுங்கள். பிறகு அதன் பூட்டு நட்டை இறுக்குங்கள். விட்டால் கிரவல் வீதியின் குலுக்கலில் தானாகத் திரும்பிப் பழையபடி தளர்ந்துவிடும்.

திருகு முழுதாக வெளியே வந்தும் போதவில்லையா? திருகைத் திரும்ப உள்ளே ஏற்றுங்கள். இரண்டு கட்டையையும் றிம்மோடு சேர்த்துக் கையால் நெருக்கிப் பிடியுங்கள், ஆள் இல்லாவிட்டால் கயிற்றால் கட்டலாம். கேபிளைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, குறட்டால் கேபிளை இழுத்துப் பிடித்தபடி இறுக்குங்கள். விட்டதும் ஸ்பிரிங் தேவையான இடைவெளியைக் கொடுக்கும். மிச்சத்தைத் திருகால் பாருங்கள். பிறகு லீவரை உங்கள் முழுப் பலத்தோடு நாலைந்து தரம் அழுத்துங்கள். கேபிள் வழுகுவதென்றால் அது வளவுக்குள்ளேயே வழுகட்டும், வீதியில் வேண்டாம்.

இன்றைக்கு இறுக்கி நாளைக்குத் தளர்ந்தால் லீவரை அழுத்தி, அதன் தலைக்குள் எட்டிப் பாருங்கள். கேபிளின் உலோகத் தலை இருக்கும் இடத்தில் ஒரு இழையாவது அறுந்து மயிர்போல் நீட்டிக்கொண்டிருந்தால் மற்ற இழைகளும் வரிசையாக அறுபடப்போகின்றன. அதை இறுக்கப் போகாதீர்கள், அறுகிற நேரத்தைத்தான் முன்னால் கொண்டுவருவீர்கள். புதுக் கேபிள் போடுங்கள். கடையில் பிறேக் கேபிள் என்று சொல்லியே வாங்குங்கள். கியர் கேபிள் மெல்லியது, பிறேக்கின் பாரத்தைத் தாங்காது. பழைய கேபிளையும் கையோடு கொண்டுபோனால் தலையின் வடிவம் மாறாமல் வாங்கலாம்.

கடைக்கு: கேபிளைப் பிடிக்கும் போல்ட்டின் மரை தேய்ந்து எவ்வளவு திருகினாலும் சுற்றிக்கொண்டே இருந்தால், அல்லது லீவர் வெடித்திருந்தால். வெடித்த லீவரைக் கம்பியால் சுற்றிக் கட்டி ஓட வேண்டாம்.

## மழையில் மட்டும் பிடிக்கவில்லை

இதில் பாதி குறையே இல்லை, சாமானின் இயல்பு. ஈரமான குறோம் இரும்பு றிம்மில் றப்பர் கட்டை பிடிக்கும் பலம் மிகவும் குறைந்துபோகும். லீவரை அழுத்தியதும் ஒன்றும் நடக்காது. சில்லு சில சுற்றுச் சுற்றித் தண்ணீர் வழித்துப் போன பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். அந்தச் சில சுற்றுக்குள் நீங்கள் சந்தியைத் தாண்டிவிடுவீர்கள். அலுமினிய றிம்மில் இது குறைவு.

ஆகவே ஐப்பசி மாரி தொடங்கியதும் ஓட்டம் மாற வேண்டும். நிற்க வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்னாலேயே லீவரை மெதுவாகத் தொட்டு விடுங்கள், திரும்பவும் தொடுங்கள். தண்ணீர் வழித்துப் போகும், பிறகு அழுத்தினால் பிடிக்கும். குளம் வான் பாய்ந்து வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும் இடத்தைக் கடந்து வந்தால் அந்தக் கரையிலேயே இரண்டு மூன்று தரம் பிடித்துப் பார்த்துவிட்டு ஓடுங்கள். கரியரில் நெல் மூட்டையோ, பின்னால் பிள்ளையோ இருந்தால் இந்தப் பழக்கம் இன்னும் முக்கியம். பாரம் கூடினால் நிற்கும் தூரமும் கூடும், ஈரத்தில் இரண்டும் சேரும்.

மற்றப் பாதி சேறு. மழைக்குப் பிறகு உள்வீதிகளின் செம்மண் சேறு றிம்மில் ஒட்டிக் கட்டையோடு சேர்ந்து அரைபடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி தண்ணீரை இரண்டு றிம்மிலும் ஊற்றினால் போதும். சவர்க்காரம், பிரஷ் எல்லாம் தினமும் வேண்டாம். காய விட்டால்தான் அது சிமெந்தாகிறது.

இரும்பு றிம்மோடுதான் ஓட வேண்டும் என்றால் கடையில் இருக்கும் மிருதுவான கட்டையைக் கேட்டு வாங்குங்கள். மலிவான கடினக் கட்டை நீண்ட நாள் தேயாது என்று பெருமையாகச் சொல்வார்கள். தேயாத கட்டை பிடிப்பதும் குறைவு.

## பிடிக்கும்போது சத்தம்

சத்தம் இரண்டு விதம், இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

கரகரவென்று அரைக்கும் சத்தம்: உடனே நிறுத்துங்கள். கட்டையில் கல் ஏறியிருக்கும், அல்லது றப்பர் தேய்ந்து இரும்பு உரசும். கல் என்றால் ஊசியால் எடுக்கலாம். இரும்பு என்றால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அந்தச் சத்தத்தோடு ஒரு கிழமை ஓடினால் றிம் போய்விடும்.

கீச்சென்ற சத்தம்: முதலில் துடையுங்கள், இதுவும் பெரும்பாலும் அழுக்குத்தான். துடைத்தும் போகாவிட்டால் கட்டையின் முன் முனை முதலில் படும்படி சற்றுச் சரிக்க வேண்டும். முன் முனை என்பது சைக்கிள் போகும் திசையைப் பார்த்த முனை. ஒரு போன் ரீலோட் காட்டை இரண்டாக மடித்து, கட்டையின் பின் முனைக்கும் றிம்முக்கும் இடையில் செருகுங்கள். லீவரை அழுத்திக் கட்டையை றிம்மோடு ஒட்ட வைத்து, அந்த நிலையில் கட்டையின் நட்டை இறுக்குங்கள். காட்டை இழுத்தெடுத்தால் பின் முனையில் ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளி நிற்கும். மலிவான கலிப்பரில் கட்டையைச் சரிக்க வசதி இருக்காது. அதற்கு பிறேக் கையையே ஸ்பனரால் பிடித்து மெல்ல முறுக்குவார்கள். இரும்புக் கைக்கு மட்டும், அதுவும் கொஞ்சமாக. வார்ப்பு அலுமினியக் கை முறிந்துவிடும், அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

அதற்கும் கேட்காவிட்டால் பிறேக் கையின் நடு போல்ட் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடும் கை கத்தும்.

கட்டையும் றிம்மும் சுத்தம், பிடிப்பும் நல்லது, சின்னதாகக் கீச்சிடுகிறது என்றால் விட்டுவிடலாம். மாடுகளுக்கு அது மணியைவிட நன்றாகக் கேட்கிறது.

## லீவரை விட்ட பிறகும் கட்டை றிம்மைவிட்டு வரவில்லை

பெடல் பாரமாகிவிட்டது, காற்றுக்கு எதிராக ஓடுவதுபோல் இருக்கிறது என்று வருபவர்களில் சிலருக்கு இதுதான் குறை. சோளகக் காலத்தில் காற்றையே குற்றம் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் ஓடியவர்கள் உண்டு. சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பாருங்கள்.

ஒரு பக்கக் கட்டை மட்டும் உரசினால் பிறேக்கைத் தொட முதல் சில்லைப் பாருங்கள். போர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவில் சில்லு நேராக நிற்கிறதா? அச்சு நட்டைத் தளர்த்திச் சில்லை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கினால் பல தடவை அதோடு முடிந்துவிடும். சில்லு நேர் என்றால், கலிப்பரில் போர்க்குக்குப் பின்னால் இருக்கும் நட்டைச் சற்றுத் தளர்த்தி முழு பிறேக்கையும் கையால் திருப்பி நடுவாக்கி இறுக்குங்கள். வி பிறேக்கில் ஒவ்வொரு கையின் அடியிலும் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். உரசும் பக்கத்து ஸ்குரூவை உள்ளே திருகினால் அந்தப் பக்கக் கட்டை றிம்மைவிட்டு விலகும். கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் லீவரை அழுத்தி விட்டுப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றால் கோளாறு கேபிளிலா கையிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கேபிளை பிறேக்கிலிருந்து கழற்றிவிட்டுக் கைகளை விரலால் நெருக்கி விடுங்கள். துள்ளித் திரும்பினால் கைகள் நல்லது, குறை கேபிளில். மந்தமாகத் திரும்பினால் குறை கைகளில்.

கேபிள் என்றால் உள்கம்பியை உருவி எடுத்துப் பாருங்கள். துரு பிடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான், அதோடு உறையையும். நாயாறு, கொக்கிளாய், முல்லைத்தீவுக் கரையோரம் உள்ளவர்களுக்கு உப்புக்காற்றில் இது சீக்கிரம் வரும். துரு இல்லை, அழுக்கு மட்டும் என்றால் துடைத்து மெல்லியதாகக் கிறீஸ் பூசித் திரும்ப விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது. மேலிருந்து இரண்டு சொட்டு, கீழே வழிவதைத் துணியால் பிடித்துக்கொள்ளுங்கள், றிம்மில் விழக்கூடாது. உறை எங்காவது மடங்கியோ வெடித்தோ இருந்தால் எண்ணெய் உதவாது.

கைகள் என்றால் அச்சில் படிந்த மண்ணைப் பிரஷால் எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கலிப்பரின் முன்னால் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு நட் இருக்கும். உள் நட் அளவுக்கு மேல் இறுகினாலும் கைகள் திரும்பாது. கைகள் இறுகும்வரை அதைத் திருகி, பிறகு மிகச் சிறிதளவு பின்வாங்கி, அந்த நிலையில் ஒரு ஸ்பனரால் பிடித்துக்கொண்டு வெளி நட்டை மற்ற ஸ்பனரால் இறுக்குங்கள். கைகள் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது.

கடைக்கு: ஸ்பிரிங் முறிந்திருந்தால், அல்லது வி பிறேக்கின் கை போர்க்கில் உள்ள அச்சோடு துருவேறி இறுகியிருந்தால். சுத்தியலால் தட்டி எடுக்கப் போய் அந்த அச்சு முறிந்தால் போர்க்கே மாற்ற வேண்டி வரும்.

## விட்டு விட்டுப் பிடிக்கிறது

சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரே இடத்தில் மட்டும் கடித்துக் கடித்துப் பிடிக்கும்.

சில்லைத் தூக்கி மெதுவாகச் சுற்றி, கட்டைக்கும் றிம்முக்கும் இடையே உள்ள வெளியைக் கவனியுங்கள். ஒரே இடத்தில் வெளி குறைந்தால் றிம் நெளிந்திருக்கிறது. றிம் நேராக இருந்து ரயர் மட்டும் ஓரிடத்தில் புடைத்திருந்தால், அது கட்டையில் தட்டுகிறது. அந்த ரயரில் இனி ஓட வேண்டாம். றிம்மின் ஓரம் ஓரிடத்தில் அமுங்கியிருந்தால் மதகு விளிம்பிலோ கிடங்கிலோ அடிபட்ட அடையாளம். காற்றுக் குறைந்த ரயரில் பாரம் ஏற்றி ஓடினால்தான் பெரும்பாலும் இப்படி நடக்கும்.

றிம் நெளிவு எடுப்பது கைப்பழக்கம் உள்ளவரின் வேலை. ஸ்போக்ஸ் நிப்பிளைக் குறட்டால் பிடித்துத் திருகப் போகாதீர்கள். ஒரு பக்கம் இழுக்க இன்னொரு பக்கம் போகும், நிப்பிளின் மூலையும் மழுங்கிவிடும், பிறகு கடைக்காரருக்கும் பிடிக்க இடமிருக்காது.

முன் பிறேக்கைப் பிடிக்கும்போது ஹான்டில் முழுவதும் நடுங்கினால் அது வேறு. முன் பிறேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள், மற்றக் கை விரல்களை ஹான்டில் கழுத்தில் வையுங்கள். விரலில் டொக்கென்று ஆட்டம் தெரிந்தால் கழுத்து பெயரிங் தளர்ந்திருக்கிறது. இறுக்கத் தெரியாவிட்டால் கடைக்கு.

## கம்பி பிறேக்குக்கு மட்டும்

பால் கேனும் விறகும் ஏற்றுகிற பெரிய சைக்கிள்களில் இதுதான் இன்னும் ஓடுகிறது. கேபிள் அறும் கவலை இல்லை. கவனிக்க வேண்டியது வேறு.

கட்டையைத் தாங்கும் தகரக் கூட்டுக்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் திறந்திருக்கும். மூடிய பக்கம் சில்லு சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் றிம் இழுக்கும்போது கட்டை மூடிய சுவரில் போய் முட்டி நிற்கும். மாற்றிப் பூட்டினால் நீங்கள் பலமாகப் பிடிக்கிற முதல் தடவையிலேயே றிம் கட்டையை உருவி வெளியே எறிந்துவிடும். யார் பூட்டித் தந்தாலும் வாங்கும்போதே இதைப் பார்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் இரண்டையும்.

லீவர் தாழ்ந்துபோனால் கம்பிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் உள்ள நட்டைத் தளர்த்தி, கட்டையை றிம்முக்குக் கிட்ட உயர்த்தி இறுக்குங்கள். பிடித்துவிட்டால் திரும்பாமல் நிற்கிறதா? லீவரின் மூட்டுகளுக்கும் போர்க்கில் உள்ள வழிகாட்டிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மட்காட் நெளிந்து கம்பியில் உரசுகிறதா என்றும் பாருங்கள். கம்பியே வளைந்திருந்தால் கழற்றிச் சமதரையில் உருட்டிப் பார்த்து நிமிர்த்தலாம். முறிந்ததை ஒட்டுப் போட வேண்டாம், மாற்றுங்கள்.

## திருத்திய பிறகு

ஏறி ஓட முதல் தள்ளிப் பாருங்கள். சைக்கிளின் பக்கத்தில் நின்று, முன் லீவரை அழுத்திக்கொண்டு பலமாக முன்னே தள்ளுங்கள். முன்சில்லு உருளாமல் நின்று பின்சில்லு மேலே எழும்ப வேண்டும். பின் லீவரை அழுத்தித் தள்ளினால் பின்சில்லு உருளாமல் இழுபட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் திரும்ப மேலே போங்கள்.

புதுக் கட்டை போட்டிருந்தால் முதல் நாளில் முழுப் பிடிப்பு வராது. வாகனம் இல்லாத ஒழுங்கையில் ஓடி, மெதுவாகப் பிடித்து விடுவதைப் பத்துப் பதினைந்து தரம் செய்யுங்கள்; கட்டையின் முகம் றிம்மின் வடிவத்துக்குப் படிந்துவிடும். அதன் பிறகு கட்டை நட்டுகளையும் கேபிள் நட்டையும் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள், முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகியிருக்கும். பாரம் ஏற்றுகிற சைக்கிள் என்றால் வெறும் சைக்கிளில் பார்த்தது போதாது. வழமையாக ஏற்றும் மூட்டையை ஏற்றிக்கொண்டு அதே ஒழுங்கையில் ஒருக்கா நின்று பார்த்த பிறகு பெரிய வீதிக்கு எடுங்கள்.